கய் திருந்தவே இல்லை!



ராட்சத ரோபோ கதை என்றதும் உங்கள் மனதில் என்ன படம் ஓடும்? மலை போல நிற்கும் ஓர் இரும்பு மனிதன். அவன் நெஞ்சுக்குள் ஒரு சிறிய அறை. அந்த அறையில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். விசைகளை இழுப்பான், பொத்தான்களை அழுத்துவான். இரும்பு மனிதன் எழுந்து நடப்பான், பறப்பான், எதிரிகளைத் துவம்சம் செய்வான். அந்தப் பையன் நல்லவனாக, வல்லவனாக, பயம் என்றால் என்னவென்றே தெரியாதவனாக இருப்பான். எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும்.

நான் இன்று சொல்லப் போவது வேறொரு பையனைப் பற்றி. அவனும் ராட்சத ரோபோவை ஓட்டுகிறவன்தான். ஆனால் வாயைத் திறந்தாலே கிண்டல்! வேலை என்றால் முணுமுணுப்பான். ஆபத்து என்றால் பின்னால் போய் நிற்பான். கூட இருப்பவர்கள் யாருக்குமே அவனை அவ்வளவாகப் பிடிக்காது. அவனுக்கும் அவர்களைப் பிடிக்காது.

அவன் பெயர் கய் ஷிடென். ('கை' என்று எழுதினால் உங்கள் கையோ என் கையோ என்று குழப்பம் வரும். அதனால் 'கய்' என்றே வைத்துக்கொள்வோம்!)

கதையில் அவன் கதாநாயகன் அல்லன். ஆனால் அந்தக் கதையில் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய பையன் அவன்தான் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பொம்மை விற்க வந்த கதை

1979ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி ஜப்பான் நாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் தொடர் ஆரம்பமானது. பெயர் 'மொபைல் சூட் கண்டம்'. இயக்கியவர் யோஷியுகி டொமினோ.

அதற்கு முன்பும் அங்கே ரோபோ கதைகள் நிறைய வந்திருந்தன. 1972ல் வந்த 'மாசிங்கர் இசட்' தொடரில் ஒரு பையன் ராட்சத ரோபோவின் தலையில் ஏறி உட்கார்ந்து அதை ஓட்டினான். குழந்தைகள் மயங்கிப் போனார்கள். அதன்பின் வாரத்துக்கு ஒரு அரக்கன் வருவான். ரோபோ அவனை அடித்து வீழ்த்தும். கடைகளில் ரோபோ பொம்மை விற்கும். பொம்மைக் கம்பெனிகள்தாம் இப்படிப்பட்ட தொடர்களுக்குப் பணம் கொடுத்தன.

டொமினோ கொஞ்சம் மாற்றி யோசித்தார். அவர் கதையில் அரக்கர்கள் இல்லை. இரண்டு பக்கமும் மனிதர்கள். ரோபோ என்பது மந்திர சக்தி கொண்ட தெய்வம் அல்ல; பீரங்கி வண்டி போல ஒரு போர்க்கருவி. அது பழுதாகும், அதற்குக் குண்டு தீர்ந்துபோகும், அதைப் பழுதுபார்க்க மெக்கானிக் வேண்டும்.

தொடர் முதலில் எடுபடவில்லை. 52 பகுதிகள் வருவதாக இருந்தது, 43 பகுதிகளோடு 1980 ஜனவரியில் முடிந்துவிட்டது. ஆனால் மறு ஒளிபரப்பில் பார்த்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். 1980ல் அந்த ரோபோவின் பிளாஸ்டிக் மாதிரிகள் கடைக்கு வந்து சக்கைபோடு போட்டன. 1981லும் 1982லும் அதே கதையை மூன்று திரைப்படங்களாகத் தொகுத்து வெளியிட்டார்கள். 2009ல் டோக்கியோ நகரின் ஒடைபா பகுதியில் அந்த ரோபோவுக்கு நிஜ அளவிலேயே சிலை வைத்தார்கள். உயரம் 18 மீட்டர். ஆறு மாடிக் கட்டடத்தை நிமிர்ந்து பார்ப்பது போல இருந்தது!

கப்பல் நிறையப் பிள்ளைகள்

இனி கதைக்கு வருவோம். எதிர்காலத்தில் மனிதர்கள் விண்வெளியில் பெரிய பெரிய குடியிருப்புகள் கட்டி வாழ்கிறார்கள். அவற்றில் ஒரு பகுதியினர் 'சியோன்' என்ற தனி நாடாகி, பூமியின் அரசோடு போர் தொடுக்கிறார்கள். ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்திலேயே மனித இனத்தில் பாதிப் பேர் இறந்துபோகிறார்கள். எவ்வளவு கொடுமை, பாருங்கள்!

ஒரு குடியிருப்பைச் சியோன் படை தாக்குகிறது. அங்கிருந்த மக்கள் 'ஒயிட் பேஸ்' என்ற போர்க்கப்பலில் ஏறித் தப்புகிறார்கள். கப்பலில் இருந்த வீரர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். யார் கப்பலை ஓட்டுவது? யார் ரோபோவில் ஏறிச் சண்டை போடுவது? ஏறிவந்த பிள்ளைகள்தாம்!

அவர்கள் வயதைக் கேளுங்கள். கப்பல் தலைவன் பிரைட், வயது 19. முதன்மை ரோபோவான கண்டத்தை ஓட்டும் அமுரோ, வயது 15. அவனுடைய பக்கத்து வீட்டுப் பையன் ஹயாடோவுக்கும் 15. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த செய்லா என்ற பெண்ணுக்கு 17. நம் கய்க்கும் 17. உங்கள் வீட்டு அண்ணன், அக்கா வயது!

கய்யின் ரோபோ பெயர் 'கன் கேனன்'. சிவப்பு நிறம். இரண்டு தோளிலும் இரண்டு பீரங்கிகள். கண்டம் முன்னால் பாய்ந்து சண்டையிடும், கன் கேனன் பின்னால் நின்று குண்டு வீசும். கய்யின் குணத்துக்கு ஏற்ற ரோபோ என்றுதான் சொல்ல வேண்டும்!

ஓர் அறை

கதையின் இரண்டாம் பகுதியிலேயே கய் அறை வாங்குகிறான். ஊரே தீப்பற்றி எரிகிறது. காயம்பட்டவர்களையும் முதியவர்களையும் கைத்தாங்கலாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாத கய்யோ தன்னைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று வருகிறான். செய்லாவுக்குக் கோபம் பொங்கிவிடுகிறது. பளார் என்று கன்னத்தில் ஒன்று விடுகிறாள். கோழை என்று திட்டுகிறாள்.

செய்லா கேட்டது நியாயமான கேள்விதான். பிறர் துன்பத்தில் இருக்கும்போது கை கால் நன்றாக உள்ளவன் உதவ வேண்டாமா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அறையால் கய் மாறினானா? இல்லை. அடுத்த நாளும் கிண்டல், அதற்கடுத்த நாளும் முணுமுணுப்பு. பிரைட் கட்டளையிட்டால் ஒரு கோணல் சிரிப்பு. அமுரோ நன்றாகச் சண்டையிட்டால் ஒரு குத்தல் பேச்சு. வேலை செய்வான்; ஆனால் வேண்டாவெறுப்பாகச் செய்கிறவன் போலவே செய்வான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அடியும் வசவும் ஒரு பிள்ளையை அந்த நேரத்துக்கு வாய் மூட வைக்கும். மனதை மாற்றாது. கய் கதை அதைத்தான் காட்டுகிறது.

ஏன் பிடிக்கவில்லை?

கூட இருந்தவர்களுக்குக் கய்யை ஏன் பிடிக்கவில்லை? ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது.

பிரைட்டுக்கு 19 வயதில் ஒரு கப்பலையே கட்டிக் காக்கும் பொறுப்பு. அவனுக்கு உள்ளுக்குள் நடுக்கம். ஆனால் வெளியே காட்டிக்கொள்ள முடியாது. அந்த நேரத்தில் ஒருவன் 'இதெல்லாம் வேலைக்காகாது' என்கிற தோரணையில் பேசினால் எரிச்சல் வராதா?

அமுரோ தனிமை விரும்பி. இயந்திரங்களோடு பேசுவான், மனிதர்களோடு பேச வராது. எளிதில் மனம் நோகிறவன். அவனுக்குக் கய்யின் கிண்டல் முள் மாதிரி குத்தும்.

ஹயாடோ அமைதியானவன். அமுரோவுக்குச் சமமாக வர வேண்டும் என்று மனதுக்குள் ஓர் ஏக்கம். பாடுபட்டு உழைப்பான். எதிலும் முனைப்புக் காட்டாத கய்யும் தானும் ஒரே வரிசையில் நிற்பது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

இவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கய் பக்கம்?

அவனை யாரும் கேட்டுப் போருக்கு அழைக்கவில்லை. உயிர் பிழைக்க ஓடிவந்தவன் கையில் ஒரு ரோபோவைக் கொடுத்து, 'போய்ச் சண்டை போடு' என்றார்கள். எல்லாருக்கும் பயம் இருந்தது. மற்றவர்கள் அதைக் கடமை என்ற போர்வைக்குள் மறைத்தார்கள். கய் அதைக் கிண்டல் என்ற போர்வைக்குள் மறைத்தான். அவ்வளவுதான் வேறுபாடு. 'நாம் ஏன் சாக வேண்டும்?' என்று அந்தக் கப்பலில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியைக் கோணல் பேச்சாகவாவது கேட்டவன் அவன்.

உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவன் இருப்பான். தேர்வுத்தாள் கொடுக்கும் நாளில் அதிகமாகச் சிரிக்கிறவன் யார் என்று பாருங்கள். பல நேரங்களில் அதிகமாகப் பயந்தவனும் அவனாகத்தான் இருப்பான்.

ஒரு கருவிப் பெட்டி

கதையின் நடுப்பகுதியில் ஒயிட் பேஸ் கப்பல் பழுது பார்ப்பதற்காகப் பெல்பாஸ்ட் நகருக்கு வருகிறது. வட அயர்லாந்தில் உள்ள துறைமுக நகரம் அது. டைட்டானிக் கப்பல் கட்டப்பட்டது அங்கேதான்.

அங்கே கய் ஒரு முடிவெடுக்கிறான். 'எனக்கு இந்தப் போர் போதும். நான் இறங்கிக்கொள்கிறேன்' என்று கப்பலைவிட்டுக் கிளம்பிவிடுகிறான்!

இப்போது நீங்கள் அமுரோவாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உங்களை நாள்தோறும் கிண்டல் செய்தவன் போகிறான். 'விட்டது சனியன்' என்று நினைத்திருப்பீர்கள், இல்லையா? அல்லது, 'எங்களை விட்டுவிட்டு ஓடுகிறாயே, கோழை!' என்று திட்டியிருப்பீர்கள்.

அமுரோ இரண்டையும் செய்யவில்லை. தன்னுடைய கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து கய்யிடம் கொடுக்கிறான். வெளியே பிழைப்புக்கு உதவும், வேண்டுமானால் விற்றுக்கொள்ளலாம் என்று கொடுக்கிறான். இயந்திரங்களையே நண்பர்களாக நினைக்கும் பையனுக்குக் கருவிப் பெட்டி என்பது எவ்வளவு பெரிய சொத்து, யோசித்துப் பாருங்கள்!

கொடுக்கும்போது அவன் பொய்யாகப் புகழவில்லை. உன்னிடம் உள்ள எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இதுநாள் வரை சேர்ந்து இருந்தவர்கள் அல்லவா நாம் என்கிற பொருளில் பேசுகிறான்.

குழந்தைகளே, இந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நாம் பிள்ளைகளுக்கு, 'எல்லாரோடும் நட்பாக இரு' என்று சொல்லிக் கொடுக்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் உண்மையில் எல்லாரையும் எல்லாருக்கும் பிடிக்குமா? பிடிக்காது. பெரியவர்களுக்கே பிடிப்பதில்லை. பிடிக்காத ஒருவனிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அமுரோ அதைச் செய்து காட்டுகிறான். 'உன்னை எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் நீ எங்களில் ஒருவன்.' இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும். பெட்டியைக் கொடுத்ததால், கய் திரும்பி வர நினைத்தால் வருவதற்கு ஒரு கதவு திறந்தே இருந்தது.

மிஹாரு

கப்பலிலிருந்து இறங்கிய கய், அந்த ஊரில் மிஹாரு என்ற பெண்ணைச் சந்திக்கிறான். அவளுக்குப் பெற்றோர் இல்லை. ஒரு தம்பி, ஒரு தங்கை. அவர்களுக்குச் சோறு போட அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. பூமிப்படையின் கப்பல்களை வேவு பார்த்துச் சியோன் படைக்குச் சொல்வது! அதற்குக் கிடைக்கும் பணத்தில் மூன்று வயிறுகள் நிரம்பின.

அவள் உளவாளி என்பது கய்க்குப் புரிந்துவிடுகிறது. அவன் அவளைப் பிடித்துக் கொடுக்கவில்லை. அந்தத் தம்பியையும் தங்கையையும் பார்த்துவிட்டானே!

இதற்கிடையில் சியோன் படை துறைமுகத்தைத் தாக்குகிறது. கய் தூரத்திலிருந்து பார்க்கிறான். போய்விடலாம். யாரும் அவனைத் தேடப் போவதில்லை. ஆனால் அவனால் போக முடியவில்லை. சற்று முன்புவரை தன்னோடு இருந்தவர்கள் அங்கே தவிக்கிறார்கள். ஓடிப்போய்ச் சண்டையில் சேர்ந்துகொள்கிறான்.

கப்பல் பெல்பாஸ்ட்டை விட்டுப் புறப்படுகிறது. மிஹாருவும் சிப்பாய் வேடத்தில் அதில் ஏறியிருக்கிறாள். கய் அவளைக் கண்டுபிடித்துத் தன் அறையில் மறைத்து வைக்கிறான். கப்பல் எங்கே போகிறது என்ற செய்தியை அவள் ஏற்கெனவே சியோன் படைக்குச் சொல்லிவிட்டாள். அட்லாண்டிக் கடல் நடுவே அவர்கள் வந்து தாக்குகிறார்கள்.

கப்பலில் மூன்று சின்னஞ்சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். போரில் அனாதையானவர்கள். குண்டு விழும்போது அவர்கள் நடுங்குவதை மிஹாரு பார்க்கிறாள். அவள் தம்பியும் தங்கையும் நினைவுக்கு வருகிறார்கள். தான் விற்ற செய்தி என்ன செய்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கிறது. தானும் உதவ வேண்டும் என்று கய்யிடம் கெஞ்சுகிறாள்.

இருவரும் ஒரு சரக்கு விமானத்தில் ஏறிப் பறக்கிறார்கள். அதில் ஏவுகணைகள் உண்டு. ஆனால் விமானி அறையிலிருந்து ஏவும் மின் இணைப்பு அறுந்துவிடுகிறது. கீழே போய்க் கையால் நெம்புகோலை இழுத்தால்தான் ஏவுகணை பாயும். மிஹாரு போகிறாள், இழுக்கிறாள். ஏவுகணை பாய்ந்த வேகத்தில் எழுந்த அனல் காற்று அவளைத் தூக்கிக் கடலில் வீசிவிடுகிறது.

கய் அவளைத் தேடுகிறான். எங்கே தேடினாலும் இல்லை. எப்போதும் கிண்டல் பேசிய அந்த வாய், அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுகிறது.

1979 அக்டோபர் 13ஆம் தேதி ஒளிபரப்பான 28ஆம் பகுதி இது. சிறுவர்களுக்கான ரோபோ கார்ட்டூனில் இப்படி ஒரு காட்சியா என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டிய கதைதான் இது. ஆனால் போர் என்றால் பட்டாசு வெடிப்பது அல்ல, அதில் மிஹாருக்கள் சாகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

திருந்தினானா?

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன்.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் பலரும், 'பார்த்தீர்களா, அந்தக் குறும்புக்காரன் திருந்திவிட்டான்' என்று நீதி சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கய் திருந்தவே இல்லை!

அதன்பிறகும் அவன் கய்தான். அதே கோணல் சிரிப்பு, அதே வாய்த்துடுக்கு. பிரைட்டைப் போல விறைப்பாக மாறவில்லை. அமுரோவைப் போலப் பெரிய வீரனும் ஆகவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. முன்பு ஓரமாக நின்று கிண்டல் செய்தான். பின்பு நடுவில் நின்று, வேலையும் செய்துகொண்டே கிண்டல் செய்தான்! இனி யாருக்காகச் சண்டையிடுகிறோம் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. போர் முடியும் வரை கூட நின்றான். கடைசியில் கப்பல் அழிந்தபோது, உயிர் தப்பி வெளியேறியவர்களில் அவனும் ஒருவன்.

இந்தக் கதையின் தொடர்ச்சியாக 1985ல் 'சீட்டா கண்டம்' என்ற தொடர் வந்தது. அதில் கய் என்ன ஆகியிருக்கிறான், தெரியுமா? பத்திரிகையாளன்! அதிலும் சும்மா இருக்கிறானா? பெயரை மாற்றிக்கொண்டு வாழும் ஒரு பெரிய வீரனைப் பற்றி, 'இவர் ஏன் தன் பொறுப்பை ஏற்காமல் ஒளிந்திருக்கிறார்?' என்று ஹயாடோவுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். எந்த வாயைக் கப்பலில் எல்லாரும் வெறுத்தார்களோ, அந்த வாய்தான் அவனுடைய தொழிலாகிவிட்டது. யாரும் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்கிறவன் பத்திரிகைக்குத் தேவைதானே?

செய்லாவின் அறை அந்த வாயை நிரந்தரமாக மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு 'நல்ல பிள்ளை' கூடியிருப்பான். ஒரு கேள்வி குறைந்திருக்கும்.

கிண்டல் செய்யலாமா?

'அப்படியானால் ஐயா, நாங்களும் வகுப்பில் எல்லாரையும் கிண்டல் செய்யலாமா?' என்று ஒரு வாண்டு கேட்பது எனக்குக் கேட்கிறது!

அவசரப்படாதே! கய் செய்தது எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அடிபட்டவர்கள் கப்பலில் ஏறும்போது ஒதுங்கி நின்றது தவறு. மனம் நொந்திருந்த அமுரோவைக் குத்திப் பேசியது தவறு. கிண்டலில் இரண்டு வகை உண்டு. அதிகாரம் உள்ளவனைப் பார்த்துச் செய்யும் கிண்டல் ஒன்று. அழப்போகிறவனைப் பார்த்துச் செய்யும் கிண்டல் இன்னொன்று. முதல் வகைக்குத் துணிச்சல் வேண்டும். இரண்டாவதற்கு ஒன்றும் வேண்டாம், யாரும் செய்யலாம். திக்கிப் பேசும் பையனையும், கிழிந்த சட்டை போட்டு வரும் பெண்ணையும் கேலி செய்கிறவன் கய் அல்லன். அவன் வெறும் முரடன்.

இதை எப்படி அறிவது என்று கேட்டால் ஓர் எளிய வழி சொல்கிறேன். நீ சொன்ன கிண்டலுக்கு, யாரைச் சொன்னாயோ அவனும் சிரித்தானா என்று பார். அவன் சிரிக்காமல் மற்ற எல்லாரும் சிரித்தால், அந்தக் கிண்டலை அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இருவருக்கு இரண்டு வார்த்தை

உங்களில் சிலர் கய்யாக இருப்பீர்கள். கடைசி பெஞ்சு. 'சேட்டைக்காரன்' என்று பெயர். ஆசிரியர் வரும்போது சிரிப்பை அடக்கத் தெரியாதவர்கள். உங்களுக்கு என் முதல் வார்த்தை. உங்கள் வாயைத் தொலைத்துவிடாதீர்கள். ஆனால் வெறும் வாயோடு நிற்காதீர்கள். விளையாட்டு விழாவுக்குப் பந்தல் கால் ஊன்ற வேண்டுமா? 'இந்தப் பந்தல் நிற்கவே நிற்காது' என்று கிண்டல் செய்துகொண்டே ஒரு காலைத் தூக்கிப் பிடியுங்கள். அப்போது உங்கள் கிண்டல் எல்லாருக்கும் இனிக்கும். தோள் கொடுத்தவன் பேச்சை ஊர் பொறுத்துக்கொள்ளும், ஒதுங்கி நிற்பவன் பேச்சைப் பொறுக்காது.

மற்றவர்கள் அமுரோவாக, ஹயாடோவாக, செய்லாவாக இருப்பீர்கள். ஒழுங்காகப் பாடம் படிப்பவர்கள், வீட்டுப்பாடம் தவறாதவர்கள். உங்களுக்கு இரண்டாவது வார்த்தை. உங்கள் குழுவில் ஒரு கய் வந்து சேர்ந்தால், 'டீச்சர், இவன் வேண்டாம், வேறு குழுவில் போடுங்கள்' என்று எழுந்து நிற்காதீர்கள். அந்தச் சொல் ஒரு பிள்ளையின் காதில் எப்படி விழும் என்று நினைத்துப் பாருங்கள். நான்கு குழுக்களும் 'வேண்டாம்' என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. அவர்களில் சிலர் மறுநாள் பள்ளிக்கே வரப் பிடிக்காமல், வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வார்கள். சிலர் மெல்ல மெல்லப் பள்ளியை விட்டே போய்விடுவார்கள். அவர்கள் கிளம்பும்போது கையில் ஒரு கருவிப் பெட்டியைக் கொடுக்க யாரும் இருப்பதில்லை.

அவனைப் பிடித்தே ஆக வேண்டும் என்று நான் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பிடிக்காவிட்டால் பரவாயில்லை. ஆனால் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். சார்ட்டில் படம் வரையட்டும். நாடகத்தில் ஒரு வேடம் கட்டட்டும். அறிவியல் கண்காட்சியில் வருகிறவர்களிடம் அந்த வாயாடிதான் நன்றாக விளக்கிச் சொல்வான், பாருங்கள்! அவன் முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும். வேலை நடக்கும்.

அந்த ஒயிட் பேஸ் கப்பல் கடைசி வரை போராடியதற்குக் காரணம், அதில் இருந்த எல்லாரும் உயிர் நண்பர்களாக இருந்ததா? இல்லவே இல்லை. அவர்கள் சண்டை போட்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சில நேரம் கை நீட்டியும் விட்டார்கள். ஆனால் ஒருவன் விலகிப் போனபோது அவன் இடத்தை மூடிவிடவில்லை. அவன் திரும்பி வந்தபோது 'நீ ஏன் வந்தாய்?' என்று விரட்டவில்லை.

உங்கள் வகுப்பில் அந்தக் கய் யார் என்று இப்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனதும் அவனை எந்தக் குழுவில் சேர்க்கப் போகிறீர்கள், செல்லங்களே?